தேவதாரு எரித்த குளிர்காலம்

நவம்பர் 9

முதல் பனி கொட்டிவிட்டது. முன்பு இருந்த ஸ்காபரோ வீட்டில் என்றால் யன்னலைச் சாத்திவிட்டுப் போர்வைக்குள் இருப்பேன். இங்கே விறகு சுமந்தேன்.

ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட வேண்டிய இந்த ஏரிக்கரை வீட்டை இவர் போன வருடம் வாங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் மரங்களுக்கு நடுவில்தான் இருக்க வேண்டுமாம். எனக்கு மரங்களோடு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவை என்னோடு கதைக்காது. அங்கே மகள் மயூரதி பக்கத்துத் தெருவில் இருந்தாள், கோயில் இருந்தது, முருங்கைக்காய் வாங்க நாலைந்து கடை இருந்தது. இங்கே மார்லீன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்திதான் அயல். நான் கொடுத்துவிட்ட வடையை அவள் நாய்க்குப் போட்டாள் என்று எனக்குச் சந்தேகம்.

வைகாசி மாதத்துப் புயலில் வீட்டுக்குப் பின்னால் நின்ற சீடர் மரங்கள் வரிசையாக விழுந்தன. இவர் அதைத் தேவதாரு என்பார். உண்மையான தேவதாரு இமயமலையில் நிற்கிற வேறு மரம் என்று சொன்னவரும் இவர்தான். பெயர் நன்றாக இருப்பதால் விட மனமில்லை. கோடை முழுக்க அதை அறுத்துக் கொட்டில் நிறைய அடுக்கிவிட்டார். இங்கே எல்லாரும் மேப்பிள் விறகு எரிக்கிறார்களே, நாங்களும் கொஞ்சம் எடுப்போம் என்றேன். உடனே இவருக்குள் இருந்து, சாவகச்சேரியில் புவியியல் படிப்பித்த குலவீரசிங்கம் மாஸ்டர் வெளியே வந்துவிட்டார்.

"நாயகி, கேளும். ஒரு கொத்திலை பிளக்கும். ஒரு கோடையிலை காயும். ஒரு குச்சியிலை பத்தும். வாசத்தைப் பாரும், கோயிலுக்குள்ளை நிண்ட மாதிரி. விறகெண்டால் இன்னும் என்ன எதிர்பாக்கிறீர்?"

"விடியுமட்டும் நெருப்பு நிக்குமோ?"

கொஞ்சம் யோசித்தார். "அது நிக்காது. தணல் விடாத மரம். கடகடவெண்டு எரிஞ்சு முடிஞ்சிடும். விடிய எழும்பித் திருப்பிப் பத்த வைக்க வேண்டியதுதான்."

அதைத்தான் நானும் கேட்டேன்.

நவம்பர் 14

தேவதாருவின் குணங்களை நானும் எழுதி வைக்கிறேன். நல்லது: வாசம் உண்மையாகவே வாசம். சிராய்களை அலுமாரிக்குள் போட்டால் கம்பளி உடுப்பைப் பூச்சி அரிக்காது. தூக்கப் பாரமில்லை. கெட்டது: அடுப்புக் கதவைத் திறந்தால் படார் படாரென்று வெடித்துப் பொறி பறக்கும். விரிப்பில் இரண்டு பொத்தல், என் வீட்டுச் சட்டையில் ஒன்று. கொட்டிலுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தது. போட்டவுடனேயே காணாமல் போகிற விறகு.

அடுப்பு என்றால் மண்டபத்தின் நடுவில் நிற்கிற இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, அதன் கீழே ஒரு இரும்புப் பிடி. பிடியை இழுத்தால் காற்று உள்ளே போகும், தள்ளினால் மூடும். தேவதாருவைக் காற்றோடுதான் எரிக்க வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். முழுக்கத் திறந்து, நன்றாக எரித்து, தானாக அணைய விட்டுவிட வேண்டுமாம்.

இன்றைக்கு விறகு பிளந்துகொண்டே எண்பத்திரண்டாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். ஒரு கொத்துக்கு ஒரு பெயர். ஒன்றும் பிசகவில்லை. இந்த மனிதருக்கு ஞாபகம்தான் சொத்து. முப்பது வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நின்றும் அது துருப்பிடிக்கவில்லை.

நவம்பர் 20

காலையில் எழும்பினால் வீடு ஐஸ்பெட்டி. அடுப்பில் ஒரு பிடி சாம்பல்.

நெருப்பை அணைய விட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சாவகச்சேரியில், போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை இருந்தபோது, மண்ணெண்ணெயும் இல்லை, நெருப்புப்பெட்டியும் இல்லை. இராத்திரி ஒரு தென்னங்குற்றியைத் தணலாக்கி, சாம்பலால் மூடி, மூச்சு முட்ட வைத்துவிட்டுப் படுப்பேன். விடியக் கிளறினால் சிவப்பாகக் கண் திறக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரட்டையோடு வந்து என்னிடம்தான் நெருப்பு வாங்கிப் போவார்கள். இவர் அப்போது கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார். நெருப்பைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்க இவர் யார்?

இவர் படுத்த பிறகு அடுப்பு நிறைய விறகை அடைத்து, பிடியை உள்ளே தள்ளிவிட்டேன்.

நவம்பர் 21

விடியவும் வீடு இளஞ்சூடாக இருந்தது. உள்ளே கட்டை கறுப்பாகப் புகைந்துகொண்டு கிடந்தது. நான் சொன்னேனே.

இவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது மூடிக் கிடக்கு. நான் திறந்துதானே விட்டனான். நீர் தொட்டனீரோ?" என்றார்.

"நான் ஏன் உதைத் தொடுறன்?" என்றேன். ஓம் என்றால் ஒரு மணி நேரம் பாடம் நடக்கும். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 2

அடுப்புக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது. "படுக்க முன் காற்று திறந்திருக்க வேண்டும்." பெரிய எழுத்தில், கரும்பலகை எழுத்தில். தனக்குத்தானே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் காலையில் மூடிக் கிடக்கக் கண்டவர், என்னை மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மயூரதி தொலைபேசியில் வந்தாள். சின்னவனுக்கு முன்பல் விழுந்ததாம். நான் அங்கே இருந்திருந்தால் என்னிடம்தான் முதலில் காட்டியிருப்பான்.

டிசம்பர் 11

அடுப்புக் கண்ணாடி கறுத்துப்போய்விட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, பிசின் மாதிரி ஒட்டுகிறது. தேவதாருவில் எண்ணெய் இருக்கிறது, அதுதான். விறகை மாற்றச் சொன்னேன். மாஸ்டர் கேட்கவில்லை.

படுக்கப் போனவர் திரும்பி வந்து பிடியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார். "இஞ்சாருங்கோ, திறந்துதான் கிடக்கு, போய்ப் படுங்கோ," என்றேன். சிரித்துக்கொண்டு போனார். வெளியே காற்று ஊளையிட்டது. என்ன செய்வது, எனக்கும் குளிர்கிறது.

டிசம்பர் 19

நெருப்பு.

டிசம்பர் 21

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

மகளும் மருமகனும் பிள்ளைகளும் பின்னேரம் வருவதாக இருந்தது. வீடு நல்ல சூடாக இருக்க வேண்டும் என்று இவர் காய்ந்த தேவதாருவை அடுப்பு முட்ட அடுக்கி, காற்றை முழுக்கத் திறந்துவிட்டார். நான் குசினியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். திடீரென்று ரயில் ஒன்று வீட்டுக்குள் வருகிற மாதிரி ஒரு இரைச்சல். ஓடி வந்து பார்த்தால் புகைக்குழாய் சிவந்து நடுங்குகிறது. இவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கூரைக்கு மேலே நெருப்பு ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. மார்லீன் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். தீயணைப்பு வண்டிக்கு அவள் முன்பே தொலைபேசி அடித்திருந்தாள். தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். வடையைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு பனிக்குள் நின்றார். அதே நேரம் மயூரதியின் கார் வந்து நின்றது.

வீடு தப்பியது. குழாய்க்குப் பின்னால் இருந்த சுவரும் கூரையில் ஒரு பங்கும் போய்விட்டது. எல்லாம் முடிந்த பிறகு தீயணைப்புத் தலைவர் இவரை அழைத்துக் கதைத்தார். சீடரின் மேல் பிழையில்லை என்றார். காய்ந்த சீடர், காற்றோடு எரித்தால் சுத்தமாக எரிந்துவிடும். யாரோ ஒவ்வொரு இரவும் காற்றை மூடி வைத்திருக்கிறீர்கள், வெளியேற முடியாத புகை குழாய்க்குள் தாராகப் படிந்திருக்கிறது, இன்றைக்கு அது பற்றிக்கொண்டது என்றார். மூடுவது யார் என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. சும்மா, என்னிடம் ஏதும் விடை இருக்குமா என்று பார்த்தார். பிள்ளைகள் காருக்குள் அழுதுகொண்டிருந்தார்கள். மருமகன் நின்றான், மார்லீன் நின்றாள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நானாகத்தான் இருக்கும்," என்றார் இவர், அவரிடம் ஆங்கிலத்தில். "மறந்துவிடுகிறேன் போலிருக்கிறது."

எனக்குக் கால் விறைத்துப்போயிருந்தது. வெறும் செருப்போடு நின்றேன்.

டிசம்பர் 24

மகள் வீட்டில் இருக்கிறோம். நிலக்கீழ் வீட்டில் இரண்டு அறை, குளியலறை, தரையே சூடாக இருக்கிறது. சுவரில் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். நடந்து போய்க் கோயிலில் கும்பிட்டேன். முருங்கைக்காய் வாங்கினேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் கடவுள் மன்னிக்க மாட்டார். ஆனால் இருந்தது.

மயூரதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவுக்கு எவ்வளவு நாளா இப்பிடி?"

"எப்பிடி?"

"மறதி. தனக்கே அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

"மயூ, அந்தப் பிடி இருக்கெல்லே, அதை நானும் சிலவேளை…"

"அம்மா, அவரை மூடி மறைக்காதேங்கோ. உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால்?" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டாள். அழுகிற பிள்ளைக்கு நடுவில் என்ன கதை சொல்வது? சொல்லத்தான் வெளிக்கிட்டேன்.

ஜனவரி 6

வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். ஐந்து சொல்லைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாராம். இவர் மூன்றுதான் சொன்னாராம். மணிக்கூடு கீறச் சொன்னபோது முள்ளை மாற்றிக் கீறினாராம். முதல் நாள் இரவு முழுக்க இவர் கண் மூடவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் கிடந்தேன். பயந்த பிள்ளை சோதனையில் கோட்டை விடுவதில்லையா?

கார் ஓட்டுகிற அனுமதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வந்து சாவியை மருமகனின் கையில் கொடுத்தார். "தம்பி, கவனமா வையும். நான் கேட்டாலும் தராதையும்," என்றார்.

இந்த அமளி ஓய்ந்ததும் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 15

பொங்கல். சின்னவன் பானைக்கு முன்னால் நின்று குதித்தான். எல்லாரும் சந்தோஷமாக இருந்த நாள், இன்றைக்கு வேண்டாம்.

ஜனவரி 29

வீட்டை விற்பது என்று முடிவு. மேசையில் எல்லாரும் இருந்தோம். இவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் நானும் வாயைத் திறப்பது என்று இருந்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். இவர் எதிர்க்கவில்லை.

"என்னை நம்பி அங்க இருக்கேலாது. நாயகியை எரிச்சுப் போடுவன்," என்றார், பகிடி சொல்கிற குரலில். ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு வேண்டியது இதுதானே? ஒரு வருடமாக நான் நேர்ந்துகொண்டது இதற்குத்தானே? அப்படியிருக்க ஏன் சோறு இறங்கவில்லை?

பெப்ரவரி 12

வாசல் கதவைப் பூட்டிவிட்டேனா என்று என்னைக் கேட்கிறார். பூட்டினீர்கள் என்கிறேன். போய்ப் பார்க்கிறார். மருந்துக் குளிசை போட்டேனா? போட்டீர்கள். முகம் கழுவிவிட்டு வந்து தண்ணீர்க் குழாயை மூடினேனா? இந்தக் கேள்விகள் மார்கழிக்கு முன்னால் இந்த மனிதரின் வாயில் இருந்ததில்லை. ஒரு பொருளை வைத்த இடத்திலேயே காண்கிறார், ஆனாலும் அதை வைத்தது தான்தான் என்று நம்புவதில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டு வகுப்பை ஒருக்கால் சொல்லுங்கள் என்றேன். தொடங்கினார். "அரியநாயகம், அருட்செல்வம், இராசலிங்கம்…" அதோடு நின்றார். அடுத்த பெயர் அவருக்குத் தெரியும். அது நாக்கு நுனியில் நின்றதை நான் கண்டேன். ஆனால் சொல்லவில்லை.

"பிழையாச் சொல்லிப்போடுவன். விடும்," என்றார்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாவி நான். இன்றைக்குத்தான் அதை எழுதுகிறேன்: ஒவ்வொரு இரவும் மூடியது நான். அட்டையைப் பார்த்துக்கொண்டே மூடினேன்.

பெப்ரவரி 13

காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று மயூரதிக்கு அழைப்பு வந்துவிட்டது.

மார்ச் 8

வீடு விலைப்பட்டுவிட்டது. வாங்கியவர்கள் இளம் சோடி. சாமான் எடுக்கப் போனோம். கொட்டிலில் மிச்சம் இருந்த தேவதாருவை அந்தப் பையன் ஆசையோடு முகர்ந்து பார்த்தான். விறகுக்கு இது நல்லதா என்று இவரைக் கேட்டான்.

இவர் ஒரு கணம் பழைய மாஸ்டராக நிமிர்ந்தார். பற்ற வைக்கத் திறமான விறகு, சூட்டுக்கு மேப்பிளையும் கலந்து எரியுங்கள், காற்றை மட்டும் மூடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவும் சரி. ஒன்றும் பிசகவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "சரியாத்தானே சொன்னனான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சரியாத்தான் சொன்னீங்கள்," என்றேன்.

மார்ச் 27

இவர் இப்போது யன்னலோரம் கதிரை போட்டு இருக்கிறார். நிலக்கீழ் யன்னல், வெளியே போகிறவர்களின் கால்கள்தான் தெரியும். புத்தகம் மடியில் கிடக்கும், பக்கம் திரும்பாது. இன்றைக்கு மயூரதி தொலைபேசியில் யாரிடமோ, "அப்பா கெதியாத் தளர்ந்திட்டார்," என்று சொல்வது கேட்டது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். இவருக்குத் தலைவலி, நானும் நின்றுவிட்டேன். வீடு வெறுமையாக இருந்தது. சொல்லாமல் விட இனி ஒரு சாட்டும் மிச்சமில்லை.

தேநீர் போட்டுக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் இருந்தேன். "இஞ்சாருங்கோ, ஒரு விஷயம் சொல்லவேணும். அந்த அடுப்பை மூடினது நீங்கள் இல்லை. நான்."

அவர் தேநீரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"முதல் நாளே நான்தான். நீங்கள் கேட்கேக்கை இல்லை எண்டு பொய் சொன்னனான். பிறகு ஒவ்வொரு நாளும் நீங்கள் படுத்தாப்பிறகு போய்த் தள்ளிவிட்டனான். உங்களுக்கு ஒரு மறதியும் இல்லை. அண்டைக்கு அந்த மனுசன் கேட்கேக்கையும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். எனக்கு அங்க இருக்கப் பிடிக்கேல்லை, இஞ்ச வரவேணும் எண்டு இருந்தது. அதுதான் உண்மை. என்னை என்ன எண்டாலும் சொல்லுங்கோ."

ஏசுவார், எழும்பிப் போவார், கோப்பையை எறிந்தாலும் எறிவார் என்று நினைத்தேன். எறிந்திருக்கலாம்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நாளா இதை யோசிச்சு வைச்சிருந்தனீர்?" என்றார்.

"யோசிக்கேல்லை. உண்மையைச் சொல்லுறன்."

"ஓம், ஓம்." தலையை ஆட்டினார். "நான் படுற பாட்டைப் பாத்துக்கொண்டு உம்மாலை இருக்க ஏலாது. அதெனக்குத் தெரியும். நாப்பத்தைஞ்சு வருசம் நீர் ஒரு பொய் சொன்னதில்லை. இப்ப எனக்காண்டி ஒண்டு சொல்லுறீர்."

"ஐயோ, பொய் இல்லை. சத்தியமா நான்தான்."

"சத்தியம் பண்ணாதையும்," என்றார். "நல்ல நாள்." என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். சின்னப் பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி. பிறகு வாசல் பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குச் சொன்னது காணும், நாயகி. பிள்ளையளுக்கு இப்பிடிச் சொல்லிப்போடாதையும். பிறகு உமக்கும் மறதி தொடங்கீட்டுது எண்டு உம்மையும் அங்க கொண்டுபோய் மணிக்கூடு கீறச் சொல்லுவினம்."

சரி என்றேன்.